கழித்துப் படிக்கவும்

1

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருக்கிறது. அடுத்த ஆண்டு பள்ளியில் இருக்கப்போவது நானா, என் தங்கையா என்று தலைமையாசிரியை, எங்கள் பெரிய மேடம், அப்போதுதான் சொல்வார். இருவரும் அறிவியல் ஆசிரியைகள். இருவரும் தற்காலிகம். இடம் ஒன்று.

இந்தக் கதை எதிலிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமையிலிருந்து. இதைவிட உயர்ந்த காரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன்.

"யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்கிறாள் அம்மா. கூட்டல் கணக்கில் அது சரி.

2

முதல் தொடக்கம்: "இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். ஒருத்தி நன்றாகப் படித்தவள். மற்றவள் நன்றாகச் சிரிப்பவள்."

கைவிட்டேன். தங்கையும் நன்றாகத்தான் படித்தாள். (என்னைவிட நான்கு மதிப்பெண் குறைவு. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அளவு உருளையில் இருந்த தண்ணீரைத் தங்கை நின்றவாக்கிலேயே பார்த்து, ஐம்பது மில்லி என்று..."

பொய். அவள் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துத்தான் பார்த்தாள். அவளை ஒருமுறையாவது தப்பாக அளக்க வைக்கலாம் என்றிருந்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.

3

நடந்தது வெள்ளிக்கிழமை. இருவருக்கும் ஒரே பாடம், வேறு வேறு வகுப்பு, ஒரே ஆய்வகம். கடைசி பெஞ்சில் பெரிய மேடம்.

பாடம் வெர்னியர் அளவி. அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைக் கவ்வவைத்து அளக்க வேண்டும். எதையும் கவ்வாமல் தாடைகளை மூடினால் அதிலுள்ள இரண்டு அளவுகோல்களின் சுழியும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது சுழிப்பிழை. இதை நான் காலையில் இதே சொற்களில் பலகையில் எழுதினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

"மிஸ், சுழின்னா என்ன மிஸ்?" என்றாள் முன்வரிசைக் குட்டை ஜடை.

"பூச்சியம்" என்றேன்.

"ஓ" என்றாள். அவ்வளவுதான். முப்பத்தைந்து பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். பேனா நகரும் சத்தம் கேட்டது. பெரிய மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

(அடிக்குறிப்பு: அவர் மணி பார்த்தது தற்செயலாக இருக்கலாம். எழுதுகிற கருவிக்கே சுழிப்பிழை இருக்கிறது. வாசிப்பவர் வேண்டிய அளவு கழித்துக்கொள்ளவும்.)

4

மதியம் தங்கையின் வகுப்பு. கருவிகளை எடுத்துக் கொடுக்க நான் அலமாரிப் பக்கம் நின்றேன்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே கோலிக்குண்டுதான், கைமாறிக் கைமாறிப் போனது. நான்கு குழுக்களுக்கு 1.62 சென்டிமீட்டர். ஐந்தாவது குழுவுக்கு 1.67.

"நாங்க சரியாத்தான் பாத்தோம் மிஸ்" என்றான் ஒருவன். அழுதுவிடுவான் போலிருந்தது.

"நீ சரியாத்தான் பாத்தே. உன் கையில இருக்கிறவனுக்குத்தான் சுழி சரியில்ல" என்றாள் தங்கை.

வகுப்பு ஒரு நொடி விழித்தது. பிறகு சிரித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று எழுதினால் மிகை. ஆனால் அதிர்ந்தது.

"வாய மூடச் சொல்லு அவன. மூடிட்டானா? இப்ப சுழி எங்க நிக்குதுன்னு பாரு."

"தள்ளி நிக்குது மிஸ்! பாயிண்ட் ஸீரோ ஃபைவ்!"

"பிறந்ததுலேருந்தே அப்படித்தான். எதக் கேட்டாலும் அவ்வளவு கூட்டிச் சொல்லுவான். அதுக்காகத் தூக்கி எறிவியா? எவ்வளவு கூட்டுறான்னு தெரிஞ்சா கழிச்சுக்கலாம்ல?"

பையன் கழித்தான். 1.62. பெரிய மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் தெரிந்துவிடும். வயிற்றில் அமிலம் சுரந்தது. இது உவமை இல்லை.

5

முடிவுகள்.

(அ) இடம் எனக்குக் கிடைக்கிறது. தங்கை என்னைக் கட்டிக்கொள்கிறாள். அவளுக்குப் பெருந்தன்மை கிடைத்துவிடும்; இதிலும் அவளே ஜெயிக்கிறாள்.

(ஆ) இடம் அவளுக்கு. நான் கட்டிக்கொள்கிறேன். என்னால் இந்த வாக்கியத்தை

(இ) இருவருக்குமே இல்லை. இதை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே அடித்துவிடுகிறேன்.

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எதையும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை.

6

இங்கே நிறுத்தியிருப்பேன். தங்கை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்று திரையைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். மறைக்க நேரமில்லை. முழுவதும் படித்தாள்.

"நாலு மார்க்கா? மூணுதான்."

"நாலு."

"சரி, நாலே இருக்கட்டும். வயித்துல அமிலமா அக்கா? ஒரு வாய் சொல்லியிருந்தா மோர் கலக்கிக் கொடுத்திருப்பேனே."

அவள் மறுபடி நான்காம் பகுதிக்குப் போனாள். துண்டு தோளில் கிடந்தது.

"இதுல ஒண்ண விட்டுட்டே."

"எல்லாம் எழுதியாச்சு."

"மணி அடிச்சப்புறம் பெரிய மேடம் என்கிட்ட வந்தாங்க. 'சுழி சரியில்லன்னு சொன்னியே, எங்க புடிச்சே அத'ன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன்?"

எனக்குத் தெரியும். அலமாரிக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மேசைதான்.

"'தானா வந்துச்சு மேடம்'னு சொன்னே."

"அத ஏன் எழுதல?"

"மறந்துட்டேன்."

"நீயா?" அவள் நாற்காலியின் கையில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "வாயில வந்துடுச்சுக்கா. அடுத்த நொடியே உன்னத் திரும்பிப் பாத்தேன். நீ பெட்டியில வெர்னியர அடுக்கிட்டிருந்தே. நீ ஏதாவது சொல்லுவேன்னு நெனச்சேன். நேத்து ராத்திரி சாப்பிடும்போதுகூட நெனச்சேன். இதுலயாவது எழுதியிருப்பேன்னு பாத்தா, இதுலயும் இல்ல. என்னதான்கா உனக்கு? சொல்லேன்."

அவள் காத்திருந்தாள். வகுப்பில் பிள்ளைகளின் பதிலுக்குக் காத்திருப்பதுபோலவே, அவசரமில்லாமல்.

"அது தானா வரலடி" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "போன ஞாயித்துக்கிழமை உனக்குத் தலை வாரிவிட்டப்ப நான் சொன்னது. சுழி, வாய மூடறது, கழிச்சுக்கறது, எல்லாமே என்னோடது."