கையெழுத்துப் போடாதவர்

அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தில் அவளை எல்லோரும் கையெழுத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சம்பளச் சீட்டு மட்டுமே ஞாபகம் வைத்திருந்தது. கேமராவுக்கு முன்னால் முகம் தெரிய யார் பேசினாலும் அவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. கையெழுத்து இல்லாத முகம் திரைக்குப் போகாது. படம் எடுக்கிறவர்களுக்கு அவளைக் கண்டால் வேப்பங்காய். வெயிலில் வெந்து, ஆளைப் பிடித்து, அழ வைத்து, அருமையான காட்சியோடு திரும்பி வருவார்கள், அவள் வாசலிலேயே மறித்து, "படிவம் எங்க?" என்று கையை நீட்டுவாள்.

அவளுக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு முகம்கூட அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனதில்லை. படத்தொகுப்பு அறையிலும் போய் நிற்பாள். தொகுப்பாளனுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். அவன் யாருடைய பேச்சையாவது நடுவில் நறுக்கி அர்த்தம் கொஞ்சம் புரண்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவன் காது இரண்டும் பஞ்சர். "அவர் அப்படிச் சொல்லல. அவர் சொன்னத நீ மாத்தற உரிமை உனக்கு யார் குடுத்தா?" என்பாள். கத்தரி சேர்த்து வைத்து ஒட்டுவான்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தப்பைச் செய்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் நகரத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நிகழ்ச்சி. நாற்பத்தோரு பேர் பேசியிருந்தார்கள். நாற்பது படிவம் முழுசாக வந்துவிட்டது. நாற்பத்தொன்றாவது படிவத்தில் பெயரும் கைப்பேசி எண்ணும் மணிமணியான எழுத்தில் இருந்தன; கையெழுத்து இடம் மட்டும் காலி. பேச்சைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசியிருக்கலாம். ஒரே ஒரு கையெழுத்துதானே, முடித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று அவள் எண்ணைப் போட்டாள். ஒரு பெண் குரல் எடுத்தது.

"அவர் போன வெச்சுட்டுக் கடைக்குப் போயிருக்காருங்க. நான் அவர் வீட்டுக்காரி பேசறேன்."

"ஒண்ணுமில்லம்மா, செவ்வாய்க்கிழமை பூங்காவுல எங்க கேமராவுல பேசினாரு. கையெழுத்துப் போட மறந்துட்டாரு. தினமும் பகல்ல அங்கதான் இருப்பேன்னு சொன்னாராம். திங்கக்கிழமை நானே வந்து வாங்கிக்கறேன்."

"தினமுமா?" என்றது குரல். பிறகு, "சரிங்க" என்று வைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை அவள் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று ஷூ, பக்கத்தில் அலுவலகப் பை, மடியில் திறந்த சாப்பாட்டு டப்பா. ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று வயது இருக்கும். சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

"வேலை போய் மூணு மாசம் ஆச்சு. வீட்டுல தெரியாது. காலைல எட்டு மணிக்கு அவ டப்பா கட்டிக் குடுப்பா, நான் பஸ் ஏறி நேரா இங்க வந்துடுவேன். பன்னெண்டரைக்குத்தான் திறப்பேன், ஆபீஸ்ல பெல் அடிச்ச மாதிரி. அவ கை தராசுங்க. இருபத்தாறு வருஷத்துல உப்பு ஒரு நாள் கூடினதில்ல, ஒரு நாள் குறைஞ்சதில்ல. டப்பால வைக்கற அளவுகூட அப்படியேதான். ஒரு கரண்டி கூடினா எனக்குத் தெரிஞ்சுடும்."

கேமராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர், "வீட்டுல சொல்லிடலாமே சார்?" என்று கேட்டார்.

சிரிப்பு அப்படியே நின்றது. "நானா சொல்ல வாய் வரல. அவ கேட்டா சொல்லிடுவேன். 'என்ன ஆச்சு'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா போதும், கொட்டிடுவேன். எனக்கு அவ கோபத்துக்குப் பயம் இல்ல. அவளுக்குத் தெரிஞ்சும், தெரியாத மாதிரி டப்பா கட்டிக் குடுத்துட்டு இருந்தான்னா, அத என்னால தாங்க முடியாது. நான் அவ்வளவு ஒண்ணுமில்லாதவனா ஆயிட்டேன்னுதானே அர்த்தம்?"

பிறகு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, இதப் போடாதீங்க. யாராவது கேக்கறாங்களேன்னு சொல்லிட்டேன்."

அவள் மத்தியானமே பூங்காவுக்கு ஓடினாள். அதே இருக்கையில் அவர் இருந்தார். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், உட்கார இடம் விட்டார், படிவத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறது, அந்தம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தொலைபேசியில் பேசியதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலே திரும்பி வந்தாள். நிகழ்ச்சி அவர் இல்லாமல் ஒளிபரப்பானது.

இரண்டு மாதம் கழித்து வரவேற்பறையிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ ஒரு அம்மா, கையெழுத்து வாங்குகிறவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம்.

வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே மேடம் அன்னைக்குப் போன் பண்ணீங்க? குரல் அதேதான்" என்றாள். "அவர் போயிட்டாரு. இருபத்தி மூணு நாள் ஆச்சு. தூக்கத்துலயே. டாக்டர் நெஞ்சுன்னாரு."

அக்கா தண்ணீர் ஊற்றி நகர்த்தி வைத்தாள்.

"எங்கிட்ட போட்டோ இருக்கு, நிறைய இருக்கு. குரல் இல்ல. அவர் பேசின ஒரு துண்டுகூட எங்கிட்ட இல்ல. ஒரு தடவை காட்டுவீங்களா?"

"அம்மா, அவர் அதுல… வந்து…"

"வேலை போனதச் சொல்லியிருப்பாரு. அதானே? எனக்குத் தெரியும்மா." மேடம் என்பது அம்மாவாகிவிட்டது. "நீங்க போன் பண்ணின ரெண்டாம் நாளே ஆபீசுக்குப் பேசினேன். அனுப்பி மூணு மாசம் ஆச்சுன்னாங்க. நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்த மனுஷன். அவரா சொல்றவரைக்கும் நான் தெரிஞ்சதாக் காட்டிக்கக் கூடாதுன்னு இருந்தேன். பொழுதன்னிக்கும் வெளியில உக்காந்திருக்காரேன்னு டப்பால ஒரு கரண்டி கூட வெச்சேன். நாப்பது நாள் இப்படியே ஓட்டினேன். இப்ப எனக்கு இருக்கற ஆறுதல் அது ஒண்ணுதான். அவர் மனசு நோகாம பாத்துக்கிட்டேன்."

அந்த ஒரு கரண்டி அக்காவின் நெஞ்சில் போய் அடைத்துக்கொண்டது. கூடினால் தெரிந்துவிடும் என்று சொன்ன மனுஷன் நாற்பது நாளும் அந்த டப்பாவைத் திறந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க வழியே இல்லை. இதை இந்தப் பெண்ணிடம் சொல்லக் கூடாது, செத்தாலும் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். "நாளன்னிக்கு வாங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

நிறுவனத்தின் வக்கீலிடம் போய்க் கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்களா கேக்கறீங்க? உயிரோட இருக்கறவர் நாளைக்கு மனசு மாறி சரின்னு சொல்லலாம். செத்தவர் மாற முடியாது. அவர் சொன்ன வேண்டாம் இனிமே வேண்டாம்தான். பொண்டாட்டியா இருந்தாலும் காட்டக் கூடாது. கையெழுத்து இல்லாத பதிவத் தொண்ணூறு நாளைக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. அதுவும் முடியப் போகுது, அழிச்சுட்டு எழுதி வெச்சுடுங்க."

நல்ல சாக்கு கையில் கிடைத்தது. சட்டம் இடம் தரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் குரல் இல்லை என்று சொன்னபோது அந்தப் பெண் தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டது அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. நான்தானே போன் பண்ணினேன், என் அவசரத்தால்தானே இவ்வளவும் என்று இரண்டு நாளும் தன்னையே பிய்த்துத் தின்றாள். கடைசியில் கத்தரியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"இந்த இடத்துலேருந்து இந்த இடம் வரைக்கும் எடுத்துடு."

கத்தரி போட்டுக் கேட்டான். இன்னொரு முறை கேட்டான். "அக்கா, இத எடுத்தா அவர் சொன்னதே வேற ஆயிடும்."

"தெரியும்."

"நீங்களா சொல்றீங்க?"

"நானேதான் சொல்றேன். எடுடா."

அவன் வெட்டியதும் படம் குதித்தது: மடியில் திறந்திருந்த டப்பா கண் மூடித் திறப்பதற்குள் பையில் இருந்தது. இப்படிக் குதித்தால் நடுவில் வேறு எதையாவது வைத்து மூடுவது அவர்கள் வழக்கம். அன்று எடுத்த காட்சிகளில் தேடி, இலை அசையும் ஒரு மரத்தை நான்கு விநாடிக்கு அங்கே வைத்தான். பார்த்தால் ஒட்டுப்போட்டதே தெரியாது. அவன் கை அப்படி.

சொன்ன நாளில் அந்தப் பெண் வந்தாள். சின்ன அறை, ஒரு திரை, இரண்டு நாற்காலி. கணவர் திரையில் வந்ததும் அவள் பட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். பிறகு கூச்சத்தோடு உட்கார்ந்தாள். உப்பைப் பற்றிச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தாள். "பொய்யி! கூடிடுச்சுன்னு எத்தனை நாள் தட்டைத் தள்ளியிருக்காரு" என்றாள். சிரிப்பு முடியும் முன்னாலேயே அழுகை வந்துவிட்டது. அளவு, கரண்டி என்று அவர் சொன்ன இடத்திலிருந்து தாங்க முடியாது என்று சொன்னதுவரை அக்கா எடுத்துவிடச் சொல்லியிருந்தாள். மரம் வந்தது, போனது. போடாதீங்க தம்பி என்று சொல்லிவிட்டு அவர் பையை மூடினார்.

"இன்னொரு தடவை" என்றாள்.

இரண்டாம் முறை அவள் அழவில்லை. திரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் வந்தபோது தலை லேசாகச் சாய்ந்தது. மூன்றாம் முறை போடச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் கையை உயர்த்தினாள். அக்கா நிறுத்தினாள்.

"இங்க எதுக்கும்மா மரம்?"

"கேமராக்காரர் சும்மா எடுத்ததும்மா. அழகுக்காக வைப்பாங்க."

"சாப்பிட்டுட்டு இருந்தாரு. மரத்துக்கு அப்புறம் டப்பா பைக்குள்ள இருக்கு. மூடும்போது ரெண்டு தடவை தட்டிப் பாப்பாரு, கசியுதான்னு. அதக் காணோம்."

அக்காவின் முகத்தில் ரத்தம் ஏறியது. "அது… இடையில கொஞ்ச நேரம் கேமரா நின்னுடுச்சு."

அந்தப் பெண் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமில்லை, குற்றம் சாட்டவில்லை. பிள்ளை சொல்லும் பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாயின் பார்வை. நெடுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. நான்கைந்து விநாடிதான் இருக்கும்.

"சரிம்மா" என்றாள். "நீங்க இவ்வளவு செஞ்சதே பெருசு. அவரே வேண்டாம்னதுக்கு அப்புறமும் சட்டத்த மீறிக் காட்டினீங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அக்காவின் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். "அவர் குரலக் கேட்டுட்டேன். போதும்."

மின்தூக்கிவரை அக்கா கூடவே நடந்தாள். நீளமான நடை. இரண்டு பக்கமும் அறைகளில் ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கேட்பாள், இந்தத் திருப்பத்தில் கேட்பாள் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டே நடந்தாள். அங்கே என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அத்தனையும் கொட்டிவிடலாம், இவள் காலைப் பிடித்துக்கொண்டு அழலாம். இந்தப் பெண்ணோ பஸ் எத்தனை மணிக்கு, இந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்குமா என்று பேசிக்கொண்டு வந்தாள். அக்கா சங்கடப்படக் கூடாதே என்றுதான் அப்படிப் பேசுகிறாள் என்பதும் அக்காவுக்குத் தெரிந்தது. அந்த அன்பு ஒவ்வொரு அடிக்கும் அவளைக் கூனிக்குறுக வைத்தது.

கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே போய்த் திரும்பி நின்று, "வரேம்மா. நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றாள்.

கேளுங்கம்மா, ஒரு தடவை கேளுங்க என்று அக்காவின் மனசு உள்ளே கத்திக்கொண்டிருந்தது. வாய் வரவில்லை. அவர் நாற்பது சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து நுழைந்து எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. கதவு மூடிய பிறகும் அவள் அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தாள்.