இரண்டு இடத்து வெள்ளைத்தாள்

எலிசா வீட்டில் காகிதத்துக்கு இரண்டு இடம். பரண்மேல் இருந்த பச்சைத் தகரப் பெட்டி கல்யாணத்துக்கு. மணப்பெண் தலைக்கு வைக்கிற பூமுடிக்கும் கைச்செண்டுக்கும் வேண்டிய தாள், கம்பி, ஜிகினா எல்லாம் அதில். கட்டிலடியில் இருந்த பிரம்புக் கூடை சாவுக்கு. மலர்வளையம் செய்கிற சாமான் அதில். கத்திரிக்கோல்கூடத் தனித்தனி. கூடையிலிருந்து ஒரு துண்டுத் தாள் பெட்டிக்குள் போகாது. சுற்றுவட்டத்து மாதா கோயில் பங்குகளில் பெண்ணைப் பெற்றவர்கள் அதற்காகவே அவளைத் தேடி வந்தார்கள்.

இது மண்டையில் ஏறாத ஒரே ஆள் அவள் புருஷன் கில்பர்ட்தான். பதினெட்டு வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய மனிதரை என்னவென்று சொல்ல!

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று எலிசா மடுகரைக்குப் போய் மூன்று நாள் தங்கினாள். மூன்று நாளும் விடாத மழை. மேலே ஓடு ஒழுகிப் பெட்டி நனைந்தது, கீழே தண்ணீர் புகுந்து கூடை நனைந்தது. கில்பர்ட் பேசாமல் இருந்திருக்கலாம். பஞ்சாலையில் நூலை ரகம் பிரித்து அடுக்குகிறவருக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு தாள் விடாமல் கொடியில் உலர்த்தினார். கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். சிவப்பு ஒரு கட்டு, பச்சை ஒரு கட்டு, வெள்ளை ஒரு கட்டு என்று நூல் போட்டுக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கினார். ஊரிலிருந்து திரும்பியவளிடம் மூடியைத் திறந்து காட்டிவிட்டுப் பெருமையாக நின்றார்.

எலிசா கட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். கூடையில் இருந்த வெள்ளை எது என்று கேட்டாள்.

"வெள்ளையில இன்னாடி வித்தியாசம்?" என்றார்.

விடிந்தால் அடுத்த தெரு அன்னாமேரிக்குக் கல்யாணம். அவள் அம்மா சவேரியம்மாள் எலிசாவுக்கு உயிர்த்தோழி. ஆடியில்தான் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு வளையம் செய்ததும் எலிசாவின் இதே கைதான். அதில் மிஞ்சிய வெள்ளைத்தாள்தான் கூடையில் இருந்தது. தாய் சவத்துக்கு வெட்டிய தாளை மகள் தலையில் வைப்பதா? பெண்ணின் அப்பா இன்னாசியோ, எதிரில் ஒருவன் தும்மினால் கட்டின வண்டியை அவிழ்த்துவிடுகிற ஆள். தெரிந்தால் அந்த மனுஷன் கல்யாணத்தையே நிறுத்தினாலும் நிறுத்துவார்.

விஷயம் புரிந்ததும் கில்பர்ட் முகம் சுண்டிப்போயிற்று. வேறு தாள் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தவர் தொப்பலாக நனைந்து திரும்பினார். கடை இருக்கிற வில்லியனூருக்குப் போகும் பாலத்துக்கு மேல் ஆற்றுத் தண்ணீர் ஓடுகிறதாம். எலிசா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். தடவினாள். ஒரே கடைத் தாள், ஒரே இஸ்திரி. எதுவும் பிடிபடவில்லை.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து முப்பது பூ செய்தாள். ஒவ்வொரு பூவுக்கும் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னாள். சொல்லியும் மனசு ஆறவில்லை.

காலையில் பூமுடியைத் துணியில் மூடிப் பெண்வீட்டுக்கு எடுத்துப் போனாள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறையில் அன்னாமேரி தனியாகத்தான் இருந்தாள். நெட் துணி முக்காட்டைப் போட்டுவிட்டு, முடியைத் தலையில் வைத்து ஊசி குத்தப் போன எலிசா அப்படியே கையை எடுத்துக்கொண்டாள். பெண் திரும்பி, என்ன சித்தி என்றாள். சவேரியம்மாளின் அதே கண்.

"உங்கம்மாவுக்கு வளையம் செஞ்சதுல மிச்சம் இருந்த தாளு இதுல கலந்துபோச்சுடி. வேணான்னா சொல்லு, எடுத்துடறேன். முக்காடு மட்டும் போதும்."

வாசலில் இன்னாசி பாண்டு வாத்தியக்காரர்களை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"எந்தப் பூ சித்தி?"

"தெரியலடி. சத்தியமா எனக்கே தெரியல."

பெண் கையைத் தூக்கித் தலையிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். முழுச் சுற்றும் தொட்டாள்.

"அப்ப ஒன்னுகூட எடுக்காதீங்க. அப்பாகிட்ட சொல்ல வேணாம்."

எலிசா எப்படியோ ஊசியைக் குத்தி முடித்தாள். அதற்குமேல் தாங்கவில்லை. சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த இன்னாசி, கல்யாணமும் அதுவுமாக இது என்ன ஒப்பாரி, நல்லதுக்கா என்று சீறினார்.

"சித்தி அம்மாவ நெனச்சிக்கிச்சுப்பா," என்றாள் மகள்.

இன்னாசி அவள் தலையிலிருந்த முடியையே பார்த்துக்கொண்டு நின்றார். உங்கம்மா இருந்தால் கண்ணை எடுக்காமல் பார்த்திருப்பாள் என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாத்தியக்காரர்களிடம் போனார்.