சோளகத்தில் பாரைப் போட்டி

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் அந்தத் தூண்டில் போட்டியைச் சித்திரையிலேயே நடத்தியிருக்க வேண்டும். அப்போது காற்று விழுந்து கடல் ஓய்ந்து கிடக்கும். கரையிலிருந்து தள்ளி, கடலடியில் பாறைகள் கிடக்கும் பாருக்குப் பெரிய பாரை மீன்கள் மேய வரும். போட்டியை நடத்தும் விடுதிக்காரர் அமிர்தநாயகம் போட்டிக்குப் பணம் போடும் கொழும்பு ஆட்களின் வசதி பார்த்து அதை வைகாசி நடுவுக்குத் தள்ளிவிட்டார். போட்டியன்று விடியும்போதே தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்தது.

சுபத்திராவுக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்தது படகோட்டி அலெக்ஸாண்டரின் படகு. அவள் உயிலங்குளத்தில் அரிசி ஆலை நடத்துகிறவள். குளத்தில் தூண்டில் போட்டு விரால் பிடித்துப் பழகி, பிறகு கடலுக்கு வந்தவள். போன வருடம் அவள் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவன் அந்தக் கரையைச் சேர்ந்த றொசாந்தன்.

"பொம்பிளையளை நான் ஏத்திறேல்லை," என்று அலெக்ஸாண்டர் அமிர்தநாயகத்திடம் சொன்னார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"சீட்டு விழுந்தா விழுந்ததுதான். ஏத்திக்கொண்டு போம்."

மற்றப் படகுகள் எல்லாம் நேராகப் பாருக்குப் போயின. அலெக்ஸாண்டர் கிழக்கே திருப்பி, சேற்று நிறத்தில் கலங்கிக் கிடந்த ஆழமில்லாத தண்ணீரில் எஞ்சினை நிறுத்தினார்.

"இஞ்ச பாரை நிக்காது, அண்ணை. மற்ற ஆக்கள் போன இடத்துக்கு விடுங்கோ."

"அங்க அலை. எனக்குப் படகு முக்கியம்."

காலை முழுவதும் அவள் எறிந்து எறிந்து இழுத்தாள். பேத்தை மீன்கள் பொய் இரையைக் கடித்துச் சிதைத்ததுதான் மிச்சம். வெயில் ஏறியது, காற்றும் ஏறியது. அப்போது அலெக்ஸாண்டரின் தொலைபேசி அடித்தது. அவர் குரலைத் தாழ்த்தினாலும் காற்று அவள் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது.

"பயப்பிடாதை. உன்ர தம்பிதான் வெல்லுவான். இவவுக்கு ஒரு குஞ்சும் கிடையாது, நான் பாத்துக்கொள்ளுறன்."

சுபத்திரா தூண்டில் தடியைக் கீழே வைத்தாள்.

"றொசாந்தன் உங்கட மனிசியின்ர தம்பியோ?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"பாருக்கு விடுங்கோ."

"விடமாட்டன். அவசரமெண்டா நீந்திப் போம்."

அவள் எழுந்து பின்பக்கம் போய் எஞ்சின் கயிற்றை இழுத்தாள். ஆலையின் டீசல் எஞ்சினோடு தினமும் மல்லுக்கட்டுகிறவளுக்கு அது பெரிய காரியமில்லை. அலெக்ஸாண்டர் துள்ளி எழுந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை எடுங்கோ," என்றாள். "இல்லாட்டிக் கரையில எல்லாருக்கும் முன்னால சொல்லுவன்."

அவர் கையை எடுத்தார். முன்பக்கம் போய் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

எஞ்சின் கேட்டதுபோலக் கடல் அவள் சொல் கேட்கவில்லை. ஓர் அலையைப் பிழையாக வாங்கியதில் படகுக்குள் தண்ணீர் பாய்ந்தது. "இறையுங்கோ," என்றாள். அவர் அசையவில்லை. அவளே ஒரு கையால் எஞ்சினைப் பிடித்தபடி மறு கையால் இறைத்தாள். அவருடைய படகு இது, மூழ்கினால் மூழ்கட்டும் என்று நினைக்குமளவுக்கு அவளுக்குக் கோபம் இருந்தது.

பாருக்கு மேலே ஆலாப் பறவைகள் மீனுக்காகக் கூட்டமாக விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் அலைக்குப் பயந்து அதற்குள் கரை திரும்பிவிட்டார்கள். சுபத்திரா எஞ்சினைத் தணித்துவிட்டுத் தூண்டிலை எறிந்தாள். மூன்றாவது எறியில் தடி வில்லாக வளைந்தது.

மீன் ஓடிய ஓட்டத்தில் அவளால் எஞ்சினைத் திரும்பியும் பார்க்க முடியவில்லை. படகு அலைக்குக் குறுக்கே திரும்பியது. அடுத்த அலை இருவரையும் தலைமுதல் நனைத்தது. அலெக்ஸாண்டர் திட்டிக்கொண்டே தவழ்ந்து வந்து எஞ்சினைப் பிடித்து, படகின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பினார்.

"நூலை அறு!"

"மாட்டன்."

"உனக்காக நான் சாகேலாது."

"அப்ப ஒழுங்காப் பிடியுங்கோ."

அவர் ஒழுங்காகத்தான் பிடித்தார். மீனைத் தூக்க மட்டும் கை கொடுக்கவில்லை. அவள் தனியாகவே அதை உள்ளே இழுத்து, அளவுப் பலகையில் கிடத்திப் படம் எடுத்தாள். எண்பத்தொரு சென்ரிமீற்றர். போட்டி விதிப்படி அதைத் திருப்பிக் கடலில் விட்டாள்.

கரையில் றொசாந்தனின் மீன் எண்பத்தெட்டு என்று அறிவித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சோளகம் பலக்கும் முன்னரே பிடித்துவிட்டானாம். சுபத்திரா ஈர உடையோடு கூட்டத்துக்குள் போய், நடந்ததை உரத்துச் சொன்னாள்.

"பொய்," என்றார் அலெக்ஸாண்டர்.

"உங்கட மனிசியைக் கூப்பிடுங்கோ. கேப்பம்."

றொசாந்தன் அலெக்ஸாண்டரைப் பார்த்தான். "உண்மையோ, அத்தான்?"

"உனக்காகத்தான்டா."

"நான் கேட்டனானோ?"

அமிர்தநாயகம் கொழும்பு ஆட்களோடு ஒதுங்கிப் பேசிவிட்டு வந்து, உறவுக்காரன் குறுக்கிட்டபடியால் றொசாந்தனைப் போட்டியிலிருந்து நீக்குவதாகவும், அடுத்த பெரிய மீனைப் பிடித்த சுபத்திராவுக்கே கிண்ணம் என்றும் சொன்னார். றொசாந்தன் சுபத்திராவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, நான் களவு செய்யேல்லை. ஒருக்கா அவருக்குச் சொல்லுங்கோ."

அவன் சொல்வது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் சொன்னால் அமிர்தநாயகம் கேட்பார் என்பதும் தெரிந்தது.

"காலமை முழுக்க நான் சேத்துத் தண்ணியில நிண்டனான்," என்றாள். "அந்த நேரம் பாரில நிண்டிருந்தா என்னத்தைப் பிடிச்சிருப்பன் எண்டு ஆர் சொல்லுவினம்?"

கிண்ணத்தை அவளிடம் கொடுத்தபோது கொழும்புக்காரர்கள் மட்டும் மெல்லக் கைதட்டினார்கள். கரைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அவளுடைய வான் வண்டி மணலில் புதைந்துவிட்டது. சில்லு சுழலச் சுழல இன்னும் கீழே போனது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். கடைசியில் றொசாந்தன்தான் வந்தான். ஒரு பலகையைச் சில்லுக்கு முன்னால் போட்டுவிட்டு, பின்னால் நின்று தள்ளினான். வான் தார் றோட்டில் ஏறியதும் ஓட்டுநர் பக்க யன்னலுக்கு வந்தான்.

"பெரிய உபகாரம், தம்பி," என்றாள்.

"உபகாரத்துக்காகத் தள்ளேல்லை," என்றான். "நீங்கள் கெதியா இஞ்சயிருந்து போகவேணும் எண்டுதான் தள்ளினனான்."