தேதி தெரியும் பக்கம்

சர்வேயருக்குத் தொழிலே சந்தேகம்தான். விபத்தில் நசுங்கி வரும் கார்களைச் சுற்றி வந்து பார்த்து, சொந்தக்காரர் சொல்லும் கதை உண்மையா புளுகா என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் புத்தியை ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் மனைவி பல் டாக்டர். நாளெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவள், வீட்டில் தன் வாயை அதிகம் திறக்க மாட்டாள். திறந்தால் குறுக்கு விசாரணை வரும் என்று அவளுக்குத் தெரியும்.

பனி கொட்டும் ஊர் அது. குளிர் விட்டு வெயில் தலைகாட்டியதும், அவளுடைய காரில் குளிர்கால டயர்களைக் கழற்றிவிட்டுக் கோடை டயர்களை மாட்ட வேண்டும். இரண்டே கதவுகள், தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் சிவப்புக் கார். தன் சம்பாத்தியத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. போன கோடையில் ஓடிய டயர்களைக் கொட்டகையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த சர்வேயர், வாசலில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முன் டயர் இரண்டும் வெளியோரத்தில் மழுமழுவென்று தேய்ந்திருந்தன. கடைத்தெருவுக்கும் கிளினிக்குக்கும் போய் வந்த டயர் இப்படித் தேயாது. வளைவில் வேகமாகத் திருப்பி, மறுபடி திருப்பி, அதையே வேலையாக வைத்திருந்தால்தான் இப்படித் தேயும்.

"சனிக்கிழமை ஆனா எங்க போற நீ?" என்றார், அவள் வெளியே வந்ததும்.

"அக்கா வீட்டுக்குத்தான். புதுசா கேக்குறீங்க."

"உங்க அக்கா வீட்டு ரோடு நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கும். டயர் ஓரத்துல தேஞ்சிருக்கே."

"டயரைக்கூடவா மோந்து பாப்பாங்க?" என்றாள் அவள். அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது. "எப்படியும் புதுசு வாங்கணும். வியாழக்கிழமை கடைக்குப் போலாம்."

கடைக்குப் போனதும் சர்வேயருக்கு மூக்கில் வியர்த்தது. டயர்க் கடைக்காரர் அவரை ஏறிட்டும் பார்க்காமல் அவளிடம், "வாங்க மேடம், உங்களுக்கானது வந்து இறங்கிடுச்சு" என்றார். உங்களுக்கானது என்றால்? அவளுக்கு என்ன வேண்டும் என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? கட்டின புருஷனுக்கே தெரியாதே.

சுவரோரம் டயர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. புது ரப்பர் வாசனையில் தொண்டை கமறியது. சர்வேயர் ஒரு டயரைத் தட்டி, "இது ரொம்ப நாள் உழைக்கும்னு போட்டிருக்கு, இதையே வாங்கலாமே" என்றார்.

"அது கல்லு மாதிரி இருக்குங்க. வளைவுல வழுக்கும்" என்றாள் அவள். அடுக்கின் நடுவிலிருந்த வேறொன்றை விரலால் அழுத்திக் காட்டினாள். "இதோட ரப்பர் மெது. சீக்கிரம் தேயும், ஆனா ரோட்டை விடாது. ஓரமும் விறைப்பா இருக்கு, திருப்புறப்ப மடங்காது."

அக்கா வீட்டுக்குப் போகிறவளுக்கு இத்தனை ஞானம் எதற்கு? கடைக்காரர் அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து தன் காதில் பூச்சுற்றுவதாகச் சர்வேயருக்குத் தோன்றியது. அப்போது கிளினிக்கிலிருந்து போன் வந்தது. யாருக்கோ வீங்கின கன்னம். அவள் அவசரமாக ஒரு டாக்சியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். மாட்டும் வரைக்கும் கூட இருந்து காரை எடுத்து வருவது சர்வேயர் பொறுப்பானது. அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

புது டயர் என்று சொல்லிப் பழசைத் தலையில் கட்டும் கடைகளை அவருக்கு நிறையவே தெரியும். டயரின் பக்கவாட்டில், அது எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று நாலு எண்கள் பொறித்திருக்கும். நாலு டயரிலும் அதைத் தேடிப் பிடித்தார். புத்தம் புதுசு. அதிலும் அவருக்குத் திருப்தி வரவில்லை. காட்டுவது ஒன்று, மாட்டுவது ஒன்றாக இருந்தால்? கண்கொத்திப் பாம்பாக மெக்கானிக்கின் பின்னாலேயே நின்றார். முதல் சக்கரம் காரில் ஏறியதும் குனிந்து தேடினார். எண்கள் இல்லை.

"தேதி எங்கப்பா?"

"அது உள்பக்கம் சார்" என்றார் மெக்கானிக்.

"நான் பாத்தப்ப இருந்துச்சு, மாட்டினதும் காணாமப் போச்சா?"

கடைக்காரர் வந்து பொறுமையாகத்தான் சொன்னார். "சார், இந்த டயருக்கு உள்பக்கம் வேற, வெளிப்பக்கம் வேற. தண்ணிய வெளியேத்துற பள்ளமெல்லாம் உள்ள வரணும். அழுத்தமான ரப்பர் கட்டை வெளிய வரணும். அப்பத்தான் வளைவுல நிக்கும். தேதி அடிச்ச பக்கம் உள்பக்கமா அமைஞ்சு போச்சு."

மறைக்க வேண்டியது மட்டும் சொல்லிவைத்தாற்போல் உள்பக்கமாக அமைந்துவிட்டதாம். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் சர்வேயருக்கு முடி நரைத்திருந்தது. "தேதி வெளிய தெரியணும். நாலுலயும். இல்லன்னா டயரே வேண்டாம்" என்றார்.

மெக்கானிக் முதலாளியைப் பார்த்தார். பின்னால் இன்னும் மூன்று கார்கள் காத்துக்கொண்டிருந்தன. "உங்க இஷ்டம் சார். அப்புறம் எங்க மேல பழி போடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் உள்ளே போனார். நாலு சக்கரத்திலும் தேதி பளிச்சென்று தெரிய, சர்வேயர் ஜெயித்த களிப்போடு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

மறுநாள் கிளினிக்குக்குப் போய் வந்தவள், "டயர் என்னமோ மாதிரி இருக்கு. புதுசுல்ல, ஓடினா சரியாகும்" என்றாள். சர்வேயர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சனிக்கிழமைக் கேள்வியை மறுபடி எடுத்தார். அவள் கார்ச் சாவியை மேஜைமேல் வைத்தாள். "நாளைக்கு நீங்களும் வாங்க" என்றாள்.

சனிக்கிழமை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவள் அவரை அழைத்துப் போனது, விமானங்கள் வந்து பல காலமான ஒரு பழைய ஓடுதளத்துக்கு. தரையில் வளைந்து வளைந்து மஞ்சள் கூம்புகள் வைத்திருந்தார்கள். ஏழெட்டுக் கார்கள், தொப்பி போட்ட ஒரு பயிற்சியாளர், "வாங்கக்கா" என்று கையசைக்கும் பெண்கள். காரை வேகமாகவும் பத்திரமாகவும் ஓட்டச் சொல்லித்தரும் இடம், அவ்வளவுதான். என்னென்னவோ கற்பனை செய்து இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்த சர்வேயருக்கு வெட்கமாக இருந்தது.

"இதை என்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா பக்கத்துல வந்து உக்காந்துக்குவீங்க. அப்புறம் ஒவ்வொரு திருப்பத்துக்கும் விளக்கம் சொல்லணும். எனக்குன்னு ஒரு எடம் இருக்கட்டும்னு நெனச்சேன்." அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "இப்பதான் வந்துட்டீங்களே. பாருங்க."

முதல் இரண்டு வளைவுகளில் அவள் முகத்தைத்தான் அவர் பார்த்தார். அப்படியொரு சந்தோஷத்தை வீட்டில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று பொறாமையாகக்கூட இருந்தது. மூன்றாவது வளைவில் அவள் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்; கார் திரும்பவில்லை. ஈரத்தரையில் கூம்புகளைத் தட்டிவிட்டு நேரே கான்கிரீட் சுவரைப் பார்த்துச் சறுக்கியது. அவள் கத்தவில்லை. பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, எப்படியோ சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள்.

பயிற்சியாளர் ஓடி வந்தார். சக்கரத்தருகே குனிந்தவர் நிமிரவே இல்லை. "நாலும் உள்ள வெளிய மாத்தி மாட்டியிருக்கு. உள்பக்கம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, வெளிய இளிக்குது. எந்தக் கடைக்காரன் செஞ்ச வேலை இது? சும்மா விடக்கூடாதும்மா."

அவள் போனை எடுத்துக் கடைக்காரர் எண்ணைத் தேடினாள். சர்வேயர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி கடைக்குப் போய்விடும். ஒரு கணம் அந்த ஆசையும் அவருக்கு வரத்தான் செய்தது.

"அவர் மேல தப்பில்ல" என்றார். "தேதி வெளிய தெரியணும்னு நான்தான் திருப்பிப் போடச் சொன்னேன்."

"இது உள்பக்கம்னு அவர் சொல்லலயா?"

"சொன்னார்."

"அப்புறம்?"

"நம்பல."

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டாள். "கடை மூடுறதுக்குள்ள போய் மாத்திட்டு வந்துடுறேன்" என்றாள்.

"நானும் வர்றேன்."

"வேண்டாம். நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு ரோடே தெரிய மாட்டேங்குது."

சிவப்புக் கார் தூறலில் மெல்ல ஊர்ந்து கேட்டைத் தாண்டிப் போயிற்று. அவர் திருப்பிப் போடச் சொன்ன அதே நாலு டயர்களில் அவள் போகிறாள். "மெதுவா போனா ஒண்ணும் ஆகாது சார்" என்றார் பயிற்சியாளர். "நிஜமாவா?" என்றார் சர்வேயர். "நிஜமாத்தான் சார்." சற்றுப் பொறுத்துச் சர்வேயர் மறுபடியும் கேட்டார். பயிற்சியாளர் கூம்புகளை நிமிர்த்தி வைக்கப் போய்விட்டார்.

நின்று நின்று கால் மரத்துப்போனபோது போனில் செய்தி வந்தது. 'கடைக்கு வந்துட்டேன்.' சர்வேயருக்கு உயிர் திரும்பி வந்தது. 'போட்டோ எடுத்து அனுப்பு' என்று விரல் தானாகவே அடித்தது. அடித்ததைப் பார்த்து அவருக்கே அசிங்கமாக இருந்தது. அழித்துவிட்டு, 'சரி' என்று அனுப்பினார். போனைச் சட்டைப் பையில் போட்டார். தூறல் வலுத்தது. வழியில் எங்காவது மோதி நின்றுகொண்டு, இவர் பயப்படக் கூடாதே என்று அப்படி அனுப்பியிருந்தால்? செய்யக்கூடியவள்தான். போனை வெளியே எடுத்து, கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"என் மனைவி அங்க வந்துட்டாளா? சும்மா, உறுதிப்படுத்திக்கலாம்னுதான். நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லாதீங்க."

"சார்," என்றார் கடைக்காரர் தயங்கித் தயங்கி, "கை பூரா கிரீசு. போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"வந்துட்டேன்னுதானே அனுப்பினேன்" என்றது பக்கத்திலிருந்து அவள் குரல்.