கேமராப் பக்கம்

தொப்பூர் இறக்கத்தில் சாலையோரம் ராணியம்மாளும் அவள் கணவன் முனிராஜும் டிபன் கடை வைத்திருந்தார்கள். எதிரே வண்டி கவிழ்ந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள் ராணியம்மாள். 

ஒருமுறை, லாரியிலிருந்து விழுந்து அடிபட்ட கன்னடக்கார டிரைவரின் தலையை அவள் மடியில் தாங்கி உட்கார்ந்திருந்ததை யாரோ செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். ஊரே பார்த்தது. தர்மபுரியில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். பஸ்ஸில் போனால்கூட, "நீங்க அந்த அக்காதான?" என்று கேட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. கடைக்கு வரும்போது நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டத் தொடங்கினாள்.

மாசி மாதத்தில் ஒரு பகல், கார் ஒன்று தடுப்புச்சுவரில் மோதியது. ராணியம்மாள் ஓடினாள். உள்ளே இருந்த பெண்ணை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். நெற்றி ரத்தம் வழிந்து அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த ராணியம்மாளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றான், போனோடு நின்ற ஒருவன்.

திரும்பினாள். முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்கக் கையையும் உருவிக்கொண்டாள்.

"போயிட்டீங்களா?" என்றாள் கீழே கிடந்தவள். அவள் கை வெறும் தரையைத் துழாவியது.

ராணியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்தக் கையை இரு கைகளாலும் பற்றினாள்.

"இங்கதான் இருக்கேன் கண்ணு. எங்கயும் போவல."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலை நிமிரவில்லை.

பிறகு பேட்டி கேட்டு வந்தவர்களிடம், "சாப்பிடறதுன்னா உக்காருங்க. பேச எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்றாள். நாளடைவில் அவர்கள் வருவதும் நின்றது. மோதல் சத்தம் கேட்டால் மட்டும் எப்போதும்போல ஓடினாள், கட்டியிருந்த சேலையோடு, மாவுக் கையோடு.

ஆடி மாதம் ஒரு பெண் லேசாகக் காலைத் தாங்கித் தாங்கிக் கடைக்குள் வந்தாள். நெற்றியில் தழும்பு. முனிராஜ் மனைவியின் காதருகே குனிந்தான்.

"ராணி, அந்தக் கார்ல அடிபட்ட அம்மாதான்! நீதான்னு சொல்லட்டுமா?"

"சும்மா இருங்க. பாவம், பசியோட வந்திருக்காங்க."

தோசையைப் பிய்த்துக்கொண்டே அந்தப் பெண் சாலையைக் காட்டினாள். "அங்கதாங்க எனக்கு அடிபட்டுச்சு. யாரோ ஒருத்தங்க கையப் புடிச்சிக்கிட்டே இருந்தாங்க. மொகம்தான் தெரியல."

"இப்ப கால் வலி பரவால்லீங்களா?"

"நல்லா நடக்கறேங்க."

ராணியம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது. "இன்னொன்னு போடட்டுங்களா?"

"போடுங்க. முறுகலா."

அவள் அடுப்பைத் தூண்டிவிட்டு, கல்லில் மாவை ஊற்றினாள்.