முப்பது வாட் பெட்டி

செண்பகராஜ் பகலில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தான். கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டால் மெல்லிசைக் குழுவில் கிதார். ஒன்பது வருசமாகக் கிதாரை மைக் ஆம்ப்ளிஃபயரிலேயே சொருகி வாசித்து, தகரம் தட்டுகிறான் என்று ஊர் ஊராகப் பேர் வாங்கியிருந்தான்.

தொண்ணூற்றாறில் குழுவின் முதலாளி சுந்தரபாண்டியன் ஒரு கீபோர்டு வாங்கினார். பொத்தானை அமுக்கினால் அதில் கிதார் சத்தமும் வந்தது. சம்பளமும் கேட்காது, கொடை வீட்டில் இரண்டாம் தடவை ரசமும் கேட்காது.

"எப்போதும்வென்றான் ஊர்க் கொடைக்குள்ள கிதாருக்குன்னு நல்ல சவுண்டுப் பெட்டியாப் பாருலே. இல்லன்னா உன் கிதார் பீஸையும் நானே இதுல வாசிச்சிருதேன்" என்றார். ஆனாலும் கெட்ட மனுசர் இல்லை. பெட்டி பார்க்கக் கூடவே வந்தார்.

எட்டயபுரம் ரோட்டில் பூவனலிங்கத்தின் சவுண்டு சர்வீஸ் கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று நூறு வாட், நெஞ்சு உயரம். இன்னொன்று முப்பது வாட், மதுரையிலிருந்து பழசாக வந்தது, முக்காலி உயரம்கூட இல்லை. பெரியதைச் செண்பகராஜ் பார்த்த பார்வையிலேயே நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது.

பூவனலிங்கம் எதையும் கடைக்குள் வைத்துச் சோதிக்க மாட்டார். கடைக்குப் பின்னால் பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு. காட்டைப் பார்த்தபடி பெட்டியைத் திருப்பி வைப்பார். ஒருவர் துண்டை உயர்த்திப் பிடித்தபடி நடக்க வேண்டும். கேட்காமல் போகும் இடத்தில் துண்டை இறக்க வேண்டும். அதுதான் பெட்டியின் எல்லை.

சுந்தரபாண்டியன் துண்டோடு இறங்கினார். செண்பகராஜ் நூறு வாட்டில் நரம்புகளைப் போட்டு அடித்தான். காட்டு நடுவே நின்ற உடைமரத்தைத் தாண்டி, கிணற்று மேட்டில்தான் துண்டு இறங்கியது. செண்பகராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

"இதையே குடுத்திருங்க அண்ணாச்சி."

"அடுத்ததையும் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார் பூவனலிங்கம்.

சுந்தரபாண்டியன் மறுபடியும் நடந்தார். சின்னப் பெட்டிக்கு என்ன அவசரம் என்று செண்பகராஜ் நிதானமாக விரல் வைத்து ஒரு பழைய மெட்டை வாசித்தான். உடைமரத்தடியிலேயே துண்டு இறங்கிவிட்டது. அவனுக்குச் சப்பென்று ஆனது. ஆனாலும் கைக்கு இதமாக இருந்ததால் மெட்டை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினான். அதுவரை அவரும் அங்கேயே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி வந்தார்.

"அம்புட்டுத்தான் கேக்குதா அண்ணாச்சி? துண்ட இறக்கிட்டியளே."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இறக்கிட்டேனா? நல்லாத்தாம்லே கேட்டுச்சு. பாட்டக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன். முந்தி நீ அடிச்சது வெறும் சத்தம்."

"கொடையில கடைசி ஆளு வரைக்கும் கேக்கணுமே?"

"இதுக்கு முன்னால ஒரு மைக்க வையுங்க. மத்தத நான் கொடைக்குக் கட்டுற குழாய் ஸ்பீக்கரு பாத்துக்கிடும்" என்றார் பூவனலிங்கம்.

சுந்தரபாண்டியன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சின்னப் பெட்டியோடு ரோட்டுக்கு வந்ததும் சொன்னார்: "ஏலே, உன் பீஸ நான் கீபோர்டுல வாசிக்கல. நீயே வாசி."

செண்பகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் மேலே போடச் சொன்ன கண்டக்டரிடம் முடியாது என்று சொல்லி, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டான்.