பன்னிரண்டு போல்ட்

இரண்டாயிரம் மே மாதம் ஃபிஜியின் சுவாவில் ஆட்சியைப் பிடுங்கினார்கள். அந்தக் கலவரத்தில் பக்கத்து லாமியில் என் கடைக் கண்ணாடியை உடைத்து, அரிசி மூட்டை வரை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுவாரமே அந்த இடத்தில் தடித்த அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட் போட்டேன். பார்வைக்குக் கண்ணாடிதான், கல்லுக்கு அசையாது என்றான் மாட்டியவன். சுற்றிலும் பன்னிரண்டு போல்ட்.

"இதுவும் உடைஞ்சா நான் ஆக்லாந்துக்கு மக வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க கடையைக் கட்டிக்கிட்டு கெடங்க" என்றாள் மனைவி சுஷீலா. இருவருக்குமே விசா வந்திருந்தது. நான் போவதாக இல்லை.

பத்தே நாளில் நட்டுகள் தளர்ந்திருந்தன. முறுக்கினேன். மறுபடி தளர்ந்தன. கடையின் பின் அறையில் குடியிருந்த கதிரேசன்மேல் எனக்குச் சந்தேகம். தமிழ்நாட்டிலிருந்து பிளாஸ்டிக் பைப் ஃபேக்டரிக்கு வந்த இன்ஜினியர். வாயே திறக்காத ஆள். ஞாயிறு தவறாமல் மணிக்கட்டு வலிக்க முறுக்கினேன்.

நவம்பரில் ஒரு மத்தியானம், சுவா ராணுவ பாரக்ஸில் சிப்பாய்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதாக ரேடியோ சொன்னது. கதவைச் சாத்தினேன். ரோட்டுக்கு எதிரே நாலு பேர், கையில் கல். பின்வழியாக வந்த கதிரேசன் ஷீட்டைப் பார்த்து நின்றுவிட்டான். ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி வெள்ளி நூல் மாதிரிக் கீறல்கள்.

"நட்டையெல்லாம் தளர்த்துங்க அய்யா."

"கல்லோட நிக்கிறான், இப்பவா? அப்படியே கதவையும் தொறந்து விட்டுடலாமா தம்பி?"

"இது இரும்பு இல்லீங்க. இறுக்கினா நாளாக நாளாக விட்டுக்குடுக்கும், அதான் நட்டு லூசாகுது. நீங்க மறுபடி மறுபடி முறுக்கி, உள்ளுக்குள்ள வெடிப்பு ஊருது. ஒரு நாள் தாங்குற இறுக்கத்தை ஆறு மாசம் தாங்காது. இப்ப அடி விழுந்தா அங்கிருந்துதான் பிளக்கும்."

"அப்ப தளர்த்தினது நீ இல்ல?"

"ஸ்பேனர் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"அந்தப் புள்ள பொழப்பே பிளாஸ்டிக்குதான். ஸ்பேனரை அதுகிட்ட குடுங்க" என்றாள் சுஷீலா.

கொடுக்கவில்லை. நானே தளர்த்தினேன். பதினொன்று முடித்தேன். மேல் மூலையில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். எவனையும் முழுசாக நம்பி எனக்குப் பழக்கமில்லை.

முதல் கல் நடுவில் விழுந்தது. ஷீட் உள்வாங்கி நிமிர்ந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதுக்கு மேல் மூலையில் 'டிக்' என்றது. கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் சலித்து நகர்ந்தார்கள்.

சுஷீலா ஸ்டூலில் ஏறி மூலையை விரலால் தடவினாள்.

"உடைஞ்சிருக்கு."

"ஒரு ஜாண் கீறல். அதுக்குப் பேரு உடையிறதா?"

"இந்த ஒண்ணை ஏன் விட்டீங்க?"

அவள் இறங்கி உள்ளே போனாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் ஸ்டூலில் ஏறி அந்தக் கடைசி நட்டைத் தளர்த்தினேன்.